குட்டி திருத்திய தாள்கள்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

இல்லை, பொழுதுபோக்குக்காக இல்லை. நாற்பத்திரண்டு வயதில் எதற்கு ஆங்கிலம் என்று நீ இரண்டு முறை கேட்டுவிட்டாய். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியும் கேட்கிறார்: "என்னம்மா, யாருக்கு லவ் லெட்டர் எழுதப் போறே?" அவரிடம் சிரித்து மழுப்பினேன். உன்னிடம் சொல்கிறேன். போனில் "நல்லா இருக்கியா கண்ணு" என்றால், குட்டி "ஹலோ பெரியம்மா" என்றுவிட்டு உன்னிடம் கொடுத்துவிடுகிறாள். வெளிநாட்டிலேயே வளர்ந்தவள், அவளுக்குத் தமிழ் வரவில்லை. எனக்காவது ஆங்கிலம் வரட்டுமே.

நீ தபாலில் அனுப்பிய பாடத்துக்கு சம்ஒன், எனிஒன், நோபடி எல்லாம் வைத்து வாக்கியம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். திருத்துவது யார்? திரும்பி வந்த தாள்களில் சிவப்பு மையில் வட்ட வட்டமாக இருப்பது உன் கையெழுத்து இல்லை.

உன் அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

போலீஸ் மாதிரி கேட்கிறாயே! நூலகத்தில் எனக்கு இரட்டை ஷிப்ட். குட்டிதான் திருத்துகிறாள். 'பெரியம்மா என் ஸ்டூடன்ட்' என்று பள்ளி முழுக்கப் பெருமை. எட்டு மதிப்பெண் போட்டவள், பாவம் பார்த்து ஒன்பதாக்கினாள்.

அடுத்து சார்பு வாக்கியம். பிகாஸ், வென், ஆல்தோ வைத்துப் பத்து எழுது. மழை, பஸ், கடை என்று எழுது அக்கா. வீட்டு விஷயம் வேண்டாம்.

உன் தங்கச்சி

மே 2

அக்கா,

'எனக்கு உடம்பு சரியில்லாததால் என் குழந்தையை ஒருவரிடம் கொடுத்தேன்.' ஏழாவது வாக்கியம். இதற்குத்தான் ஆங்கிலமா?

நல்லவேளை, அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் தபாலைப் பிரித்தேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பதினெட்டு வயதுவரை சொல்வதில்லை என்று நீயும்தானே சம்மதித்தாய்? இன்னும் ஆறு வருஷம். நான் பெறவில்லை என்று தெரிந்தால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள், யோசித்தாயா?

இனிமேல் பாடம் வேண்டாம்.

தங்கச்சி

மே 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கிழித்த தாள் என் மேஜைமேல் இருக்கிறது. குட்டி குப்பைக்கூடையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி, டேப் ஒட்டி, உனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாள். ஏழாவது வாக்கியத்தில் விட்டுப்போன கமாவைப் போட்டிருக்கிறாள். அடியில் ஒரு கேள்வி: அந்தக் குழந்தை நானா?

என்னைச் சோதிக்க நீயே அவளை அப்படி எழுதவைத்தாயோ என்று ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். பிறகு அந்தக் கமாவைப் பார்த்தேன். சோதிக்கிறவர்கள் கமா போட மாட்டார்கள்.

உடம்பு தேறும்வரை என்று கொடுத்தேன். பன்னிரண்டு வருஷம் நீ வளர்த்தாய். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் விழித்திருந்தவள் நீ. அதில் எனக்குப் பங்கில்லை. ஆனால் கேட்ட பிறகு அவளுக்குப் பொய் எழுத என்னால் முடியாது.

நேராக அவளுக்கே தபாலில் போட்டிருக்கலாம். கை வரவில்லை.

அகராதி பார்க்காமல் ஆங்கிலத்தில் அவளுக்கு மூன்று வரி எழுதினேன். ஆமாம், நீதான். உன்னைப் பெற்றவள் நான். மீதியை உன் அம்மா சொல்வாள்.

தனி உறையில் போட்டு, மேலே குட்டி என்று எழுதி, ஒட்டாமல் இதோடு வைத்தேன்.

அக்கா