என்னத்தப் போட்ட, பிரைடி?

நவம்பர் 5

நெருப்பு மூட்டும் நாள். ஊர் மொத்தமும் கடற்கரையில். நானும் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, டயர் புகை தாளாமல் திரும்பிவிட்டேன். ஆம்புரோஸ் வரவேயில்லை. பின் வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஜெனித்தை மடியில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். தோல் போர்த்திய அந்த ரேடியோ எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது. நான் இரண்டாந்தாரம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஏதாச்சும் கெடைச்சுதா?"

"ஸ்பெயின் பாட்டு லேசா வந்துச்சு. சூரியன் சரியில்ல."

சூரியனில் பொட்டு கூடினால் கடல் தாண்டி வரும் ஸ்டேஷன்கள் மங்கிப்போகுமாம். நாற்பது வருஷமாகக் கேட்கிறேன் இந்தக் கதையை. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.

நவம்பர் 12

கார்பொனியர் போய் கம்பளி நூலும் உப்புக்கண்டமும் வாங்கினேன். கிறிஸ்துமஸுக்குப் புதுமாதிரி சீரியல் விளக்கும் ஒரு பெட்டி. கண்ணைப் பறிக்கும் நீலம். கரண்டே குடிக்காது என்றாள் கடைக்காரப் பெண். ரேடியோவுக்குள் கத்துமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவளுக்கு என்ன தெரியும்? இந்த வீட்டில் புதிதாக எதைச் செருகினாலும் ஒரே நிமிஷம், பின் வராந்தாவிலிருந்து குரல் வரும்: "என்னத்தப் போட்ட, பிரைடி?" தொட்டால் எரியும் விளக்கு வந்தது, போனது. பாட்டரி சார்ஜர் வந்தது, போனது. ஒரு குளிர்காலம் எங்கிருந்தோ ஓர் உறுமல் வந்துகொண்டே இருந்தது. ரேடியோவைக் கையில் ஏந்தி, எந்தப் பக்கம் திருப்பினால் உறுமல் அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, பனியில் வேலி தாண்டிப் போய், லியாண்டர் வீட்டு நாய்ப் படுக்கைக்கு அடியில் இருந்த சூட்டு மெத்தையைக் கண்டுபிடித்த ஆள் இவர். லியாண்டரும் ரேடியோப் பைத்தியம்தான். தன் நாயே தன்னைக் கெடுத்ததில் அவருக்கு ஒரு வாரம் பேச்சே எழவில்லை.

பெட்டியை அலமாரியில் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். டிசம்பரில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

நவம்பர் 20

லியாண்டர் பட்டாணி சூப் குடிக்க வந்தார். வந்த மனிதர் சும்மா குடித்துவிட்டுப் போகலாம். "என்னப்பா ஆம்புரோஸ், அசோர்ஸ் வந்துச்சா?" என்றார்.

அசோர்ஸ் தீவு ஸ்டேஷனை லியாண்டர் மூன்று குளிர்காலத்துக்கு முன்பே பிடித்துவிட்டார். இவருக்கு இன்னும் சிக்கவில்லை. அதே இடத்தில் பெரிய ஸ்டேஷன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரேடியோவைத் திருப்பி அதை அமுக்கினால் அடியில் தீவு கேட்கும். ஊர்ப் பேரைத் தன் காதாலேயே கேட்க வேண்டும், அப்போதுதான் கணக்கு. அது இவர்கள் சட்டம். போர்ச்சுகல் பாஷை மாதிரி இருந்தது, அதுவாகத்தான் இருக்கும் என்றெல்லாம் சொல்லக் கூடாது.

ஏன் அந்தத் தீவு? சின்ன வயதில் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் போர்ச்சுகல் மீன் கப்பல்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நிற்குமாம். அந்த மாலுமிகள் இவரையும் சேர்த்துக்கொண்டு பந்து ஆடியிருக்கிறார்கள். அதிலொருவன் அசோர்ஸ்காரன். ரொட்டியும் சார்டின் மீனும் கொடுத்தவன், அடுத்த வருஷம் வரவில்லை. இதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

"இந்த வருஷம் சூரியன் மோசம்," என்றார் லியாண்டரிடம்.

லியாண்டர் சூப்பைக் கலக்கிக்கொண்டே, "எனக்கு நல்லாத்தான வருது," என்றார்.

நவம்பர் 27

ஜெனித்தைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பியிருக்கிறார். கிழட்டுப் பாகங்களை மாற்றப் போகிறாராம். சாப்பாடு மாடிப்படியில்.

டிசம்பர் 3

ஜன்னலைச் சுற்றி விளக்கைக் கட்டினேன். அவர் பின் வராந்தாவில் ஹெட்போனோடு. நாலு மணிக்கே இருட்டிவிட்டது, அவருக்கு நல்ல நேரம். பொழுது சாய்ந்தால்தான் தூரத்து ஸ்டேஷன் வரும். மனதுக்குள் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டேன். "வருஷத்துக்கு ஒரு பண்டிகை, மனுஷா, உன் ரேடியோவுக்கு வருஷம் பூரா பண்டிகைதான" என்று சொல்வதாக இருந்தேன். செருகினேன். நீலமாக எரிந்தது.

காத்திருந்தேன்.

தேநீர் போட்டேன். டின் பாலை ஊற்றினேன். குரல் ஒன்றும் வரவில்லை.

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "நன்றிடி, கண்ணு," என்றார். முகத்தில் எப்போதும் போல ஒரு சிரிப்பு. முள்ளை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

கடைக்காரப் பெண் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது. நல்ல விளக்கு.

டிசம்பர் 4

நல்ல விளக்கு இல்லை.

காலையில் அவர் விறகு எடுக்கப் போயிருந்தபோது சமையலறை ஜி.இ. ரேடியோவை வைத்தேன். ஊசியால் காதைக் குத்துகிற மாதிரி ஒரு கீச்சு. முள்ளை எங்கே கொண்டுபோனாலும் அதே கீச்சு. விளக்கைப் பிடுங்கினேன், நின்றது. செருகினேன், கத்தியது. மறுபடி பிடுங்கினேன். பைத்தியக்காரி மாதிரி நின்று செருகிப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கூச்சலுக்குள் நேற்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரே!

நான் பேசும்போது இப்போதெல்லாம் என் வாயையே பார்க்கிறார். வயசான காலத்தில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து... என்ன ஒரு முட்டாள் நான். சூரியனாம், பொட்டாம். நானும் சேர்ந்து நம்பினேனே. வேறு எந்த வீட்டில் காது போனதற்குச் சூரியனைத் திட்டுவார்கள்?

டிசம்பர் 5

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

டிசம்பர் 11

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மின்சாரத் தொல்லை இல்லாத இடம் வேண்டுமென்று சாயங்காலம் கடலோரப் பாறைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று ஜி.இ.யைத் தூக்கிக்கொண்டேன். அவருக்கு ஆச்சரியம், பெருமை. பாறையில் ஆளுக்கொரு ரேடியோ. எனக்கு முள்ளை அந்த இடத்தில் நிறுத்திக் கொடுத்தார். "பெரிய ஸ்டேஷன் அமுங்குற வரைக்கும் மெள்ளத் திருப்பு. கொழந்தையத் தூங்க வைக்கிற மாதிரி."

திருப்பினேன். பெரியவன் அமுங்கினான். அடியில் ஒரு பெண் குரல், தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. ஏறியது, இறங்கியது. ஏறியபோது தெளிவாகச் சொன்னாள்: "அசோரெஷ்." கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. அந்த "ஷ்" அலை மணலில் உறிஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஒரு கை தூரத்தில் ஆம்புரோஸ். அதே இடத்தில் முள். கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"ஒண்ணுமில்ல," என்றார் ஹெட்போனை இறக்கி. "உனக்கு?"

"இரைச்சல்தான்," என்றேன்.

நாற்பது வருஷத்தில் அவரிடம் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. அவர் வாழ்நாளெல்லாம் தேடியது எனக்கு இலவசமாகக் கிடைத்தது, எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

டிசம்பர் 27

கிறிஸ்துமஸ் வாரத்தில் மாறுவேஷம் போட்டு வீடு வீடாக வரும் மம்மர்கள் வந்தார்கள். நாலு பேர். முகத்தில் தலையணை உறை, உடம்பில் மனைவியின் பாவாடை, மூச்சை உள்ளே இழுத்து இழுத்துக் கரகரவென்று பேச்சு. ஆள் யாரென்று சொன்னால்தான் உறையைக் கழற்றுவார்கள், ரம் குடிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு ஆவலாக வருவதே ஆம்புரோஸால்தான். என்ன மாற்றிப் பேசினாலும் இரண்டே வாக்கியத்தில் பிடித்துவிடுவார், குரல் கேட்பதுதானே அவருக்கு முழுநேர வேலை.

மூன்று பேரை நான் சொன்னேன். நாலாவது ஆள் உயரமாக, பூப்போட்ட கவுனில், ஆம்புரோஸ் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசினான். பேசினான், பேசினான். ஆம்புரோஸ் சிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "மேரிஸ்டவுன் ஜெராடு," என்றார். கூடத்தில் ஒரே சிரிப்பு. "இல்ல... கோர்மக்?" மறுபடி சிரிப்பு. மூன்றாவது பேர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஆளே உறையைக் கழற்றினார். லியாண்டர். முப்பது வருஷமாக வாரம் தவறாமல் வருகிற லியாண்டர்.

"ரம்மு குடிக்க அவசரம்ப்பா, அதான்," என்றார் லியாண்டர். நல்ல மனிதர். ஆம்புரோஸ் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

டிசம்பர் 28

காலையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே அவராகவே சொன்னார். "கப்பல் எஞ்சின் ரூம்ல இருந்தவன் ஒவ்வொருத்தனுக்கும் இப்படித்தான் ஆச்சு. நான் தப்பிச்சேன்னு நெனச்சேன்."

"டாக்டரப் பாக்கலாம்."

"பாத்து? காதுல ஒரு மெஷினச் சொருகுவான். மெஷின் கேட்டது நான் கேட்டதாகுமா?"

"உன் மடியில இருக்கறது என்ன, சங்கா? அதுவும் மெஷின்தான!"

இன்னொரு ரொட்டியை எடுத்து ஜாம் தடவ ஆரம்பித்தார். கோபத்தில் நான் தட்டை உடைத்தேன். அதுவாவது அவருக்குக் கேட்டது.

ஜனவரி 6

பண்டிகை முடிந்தது, விளக்கை அவிழ்த்தேன். ஆம்புரோஸ் வயரைச் சுற்றிக் கொடுத்தார். பாதியில் நிறுத்தி, "இது கத்திச்சா?" என்று கேட்டார்.

"பன்னி அறுக்கற மாதிரி."

வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாசம் பூராவுமா?"

"ஒரு மாசம் பூராவும்."

அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. செயின்ட் ஜான்ஸ் காது டாக்டரிடம் நாள் குறித்துவிடு என்றார்.

ஜனவரி 19

காது டாக்டர் சின்னப் பெண். கீச்சென்ற சத்தமெல்லாம் அவருக்குப் போய் எவ்வளவோ வருஷமாச்சாம். ச, ஷ, ஃப எல்லாம் அதில்தான் இருக்கிறதாம். தீவின் பேரில் பாதி அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு காதுக்கும் மெஷின்.

பிப்ரவரி 9

மெஷின் வந்து ஒரு வாரம். கெட்டில் ரயில் மாதிரி ஊதுகிறதாம். நான் செருப்புத் தேய்த்து நடக்கிறேனாம், இத்தனை நாள் தெரியாதாம். இதைச் சொல்லவா இவ்வளவு செலவு!

ஆனால் ரேடியோ கேட்பதுதான் கெட்டது. மெஷினுக்கு மேல் ஹெட்போன் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து விசில் அடிக்கின்றன. மெஷினைக் கழற்றினால் பழையபடி ஒன்றும் கேட்பதில்லை.

இன்று ஜெனித்தைத் துடைத்து, பாட்டரியை எடுத்துவிட்டு, அலமாரியில் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "போதும்டி," என்றார், அவ்வளவு சாதாரணமாக. பின் வராந்தா நாற்காலியில் கம்பளி மட்டும் கிடக்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 10

அவர் தூங்கும்போது லியாண்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 21

பான்கேக் நாள், தவக்கால நோன்புக்கு முந்தின நாள். லியாண்டர் வந்தார், கையில் தபாலில் வந்த ஒரு பொட்டலம். மாலை மாதிரி ஒரு வயர். கழுத்தில் போட்டுக்கொண்டு நுனியை ரேடியோவில் ஹெட்போன் துளையில் செருக வேண்டும். மெஷினில் ஒரு பொத்தானை அமுக்கினால் ரேடியோ நேராகக் காதுக்குள் வருமாம், விசில் கிடையாதாம்.

ஆம்புரோஸ் தொடவில்லை. "இப்படிக் கேட்டா கணக்குல வராது."

"வருஷா வருஷம் பாறையில நின்னு திமிங்கிலம் எண்ணுறியே, கண்ணாடி போட்டுத்தான எண்ணுற? அதெல்லாம் திமிங்கிலம் இல்லையா?" என்றார் லியாண்டர். "எழுபது வயசுல சட்டம் பேசறான். பிரைடி, எனக்கு இன்னொரு பான்கேக்."

நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஜெனித்தை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். பாட்டரி எங்கே என்று அவரே தேட ஆரம்பித்தார்.

பிப்ரவரி 26

ஐந்து நாளாகப் பின் வராந்தாதான். உள்ளூர் ஸ்டேஷன்கள், பாஸ்டன், நியூயார்க். கழுத்தில் மாலையோடு பார்த்தால் மேயர் மாதிரி இருக்கிறார். கடல் தாண்டி இன்னும் எதுவும் வரவில்லை.

சூரியன் சரியில்லையாம். இந்தத் தடவை லியாண்டரும் அதையே சொன்னார்.

மார்ச் 4

ஆல்பர்ட்டாவிலிருந்து மகள் காலீன் அனுப்பிய பார்சல் வந்தது. எனக்குப் பாதத்துக்குச் சூடு கொடுக்கும் பெட்டி, கரண்டில் வேலை செய்வது. வெளியே உறைபனி, கால் விறைத்துக் கிடந்தது. வேறெதையும் யோசிக்காமல் செருகி, காலை உள்ளே விட்டு, "ஆ" என்று சாய்ந்துகொண்டேன்.

"என்னத்தப் போட்ட, பிரைடி!"

வீடே அதிர்ந்தது.

"நிறுத்துடி! தீவே முழுகிப் போச்சு!"

ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவசரத்தில் முதல் தடவை மேசை விளக்கைப் பிடுங்கிவிட்டேன். பின் வராந்தாவுக்கு ஓடினேன். ஆம்புரோஸ் ஒரு கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, மடியில் ஜெனித்தை மெள்ள, மெள்ளத் திருப்பினார். நான் மூச்சுவிடவில்லை.

அப்புறம் அவர் உதடு அசைந்தது. பாறையில் நான் கேட்ட அந்தப் பெண் சொன்ன மாதிரியே தீவின் பேரை, அந்த "ஷ்" குறையாமல் சொன்னார்.

"நீயும் கேளேன்," என்று மாலையின் நுனியைப் பிடுங்கி எனக்கு ஹெட்போனைச் செருகப் போனார். "நீ இதக் கேட்டதே இல்லியே."

"இல்ல," என்றேன். "எப்படி இருக்கு, சொல்லு."

இருட்டும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.