கல்லுப்பும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

நவம்பர் 8, வெள்ளி

காலையிலிருந்தே மழை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள். அவர்கள் தங்குகிற கபானாக் குடில்கள் பூட்டு. முதலாளி கொழும்பில். ஆலங்குடாவில் இந்த இடத்துக்குக் காவல், சமையல், மனேஜர் எல்லாம் நான் ஒருவன்தான். சாப்பிடுவதும் நான் ஒருவன்தான். பாணும் பருப்பும்.

ஜும்மாவுக்குப் பிறகு குவைத்திலிருந்து என் மனைவி சஹீலா போன் எடுத்தாள். வெள்ளி தவறாமல் எடுப்பாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம். நீ?"

"ம்."

அவள் வேலை செய்யும் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சலாம். இங்கே மழை என்றேன். அவளுடைய அக்ரிமென்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டுக்கு வருவாளா, மறுபடி கையெழுத்து வைப்பாளா? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பயம், வேறொன்றுமில்லை.

நவம்பர் 9, சனி

விட்டு விட்டு மழை. இன்றைய வேலை: கூரை ஒழுக்கு. பூனைக்கு மீன். விளையாட்டு.

இந்த விளையாட்டு போன சீசனில் தங்கிய ஒரு வெள்ளைக்காரர் சொல்லித்தந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாகி, "கதவைத் திறக்கிறேன்", "ஓடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். பயங்கரக் கதை, ஆனால் பேய் இல்லை. பேய்க்காவது நம்மேல் ஒரு கோபம் இருக்கும். இது வானத்துக்கு அப்பாலிருந்து வந்த ஏதோ ஒன்று. நாம் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. எனக்கு அது பிடித்துப்போனது, ஏனென்று தெரியவில்லை. அவருடைய விதிப் புத்தகம் தலையணை அளவு. நான் ஒரு தாளில் அடக்கினேன்.

பின்னேரம் ஃபாஹிமும் அந்தோனியும் வந்தார்கள். ஃபாஹிம் த்ரீவீல் ஓட்டுகிறவன். அந்தோனி சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வந்து இங்கேயே வலை போடுகிறவன். இருவரும் எனக்கு இளையவர்கள், அண்ணன் முறைக்கு என்னை நானா என்பார்கள். செய்தது பலித்ததா என்று உருட்டிப் பார்க்கும் பகடையை மேசையில் வைத்ததும் ஃபாஹிம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான்.

"நானா, இது சூது. ஹராம். நான் தொடமாட்டன்."

"காசு வைக்கலியே?"

"காசு வச்சா என்ன, வைக்காட்டி என்ன?"

தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். ஒரு கிழமையாக யோசித்த கதை தேத்தண்ணியோடு சரி. கோபம். பூனையை ஏசினேன், பாவம்.

நவம்பர் 11, திங்கள்

குசினியில் கல்லுப்பு ஈரம் பட்டுக் கசிகிறது. அதைத் துடைக்கும்போது வந்த யோசனை. பகடையே வேண்டாம்.

ஆளுக்கு ஒரு கிளாஸ் நல்ல தண்ணீர்.

எதையாவது அறிய வேண்டுமா, ஒரு உப்புக்கல்லைப் போட்டுக் கலக்கி, ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேள்.

கதை சொல்பவன் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்லக்கூடாது.

தண்ணீர் இறங்காவிட்டால் உன் ஆள் கடலுக்குள் நடந்து போய்விட்டான்.

வேறு விதி இல்லை. தாளில் பாதி மிச்சம்.

நவம்பர் 13, புதன்

வெயில்! இருவரும் வந்தார்கள். ஃபாஹிம் உப்பை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

கதை: களப்பின் நடுவே ஒரு வட்டம். அதற்குள் அலை இல்லை, மீன் போவதில்லை. அந்தோனி கடல்காரன் அல்லவா, கேள்விக்கு மேல் கேள்வி. எவ்வளவு ஆழம்? உப்பு. அடியில் என்ன கிடக்கு? உப்பு. கடைசியில் முகத்தைக் கோணிக்கொண்டு முற்றத்துக்கு ஓடித் துப்பினான். அவன் ஆள் முடிந்தான்.

ஃபாஹிமுக்கு பிரஷர். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாராம், அதனால் ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றும் அறியாமல் கடைசி வரை உயிரோடு இருந்தான். வட்டத்துக்குள் அது புரண்டது என்று நான் சொன்னதும் கண்ணை மூடி ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினான். அந்தோனி சிலுவை போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு யாரைப் பயமுறுத்துவது? புது விதி: ஓதினால் கதை முடிந்தது, எல்லாரும் வீட்டுக்கு.

வயிறு நோகச் சிரித்தோம். நான் சிரித்து எவ்வளவு காலம்.

போகும்போது அந்தோனி: "நானா, நீங்க ஒண்டும் கேக்கிறேல்லயே."

"கதை சொல்றவன் கேக்கிறதில்ல."

"நல்ல சட்டம்தான். உங்கட கிளாஸ்ல எப்பவும் நல்ல தண்ணி."

பகிடிக்குத்தான் சொன்னான். அவர்கள் போனதும் கிளாஸ்களைக் கழுவினேன். என்னுடையதைக் கழுவ ஒன்றுமில்லை. எனக்குக் குத்தியது.

நவம்பர் 15, வெள்ளி

காற்று. கூரை இன்னும் ஒழுகுகிறது. ஜும்மா முடிந்து வந்து மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன், பக்கத்தில் உப்பு. பைத்தியக்காரத்தனம்.

சஹீலா எடுத்தாள். சாப்பிட்டீங்களா. ஓம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதாம். உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

"என்ன சத்தம்?"

"கரண்டி."

ஒரு மிடறு. தொண்டையில் நின்று இறங்கியது.

"சஹீலா, நீ வாறியா, இல்லையா?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"போன கிழமை கையெழுத்து வச்சிட்டன். இன்னும் ரெண்டு வருஷம்."

"எனக்கு ஒரு சொல் சொல்லலியே."

"நீங்க ஒருநாளும் கேக்கலியே. ஒவ்வொரு வெள்ளியும் பாத்தன். நான் ஒருத்தி இரிக்கிறதே உங்களுக்குத் தெரியாதுண்டு நெனச்சன்."

பிறகு, என்ன கறி என்று கேட்டாள். பருப்பு என்றேன்.