தெரிந்தே தப்பாகப் படித்த எழுத்துகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு சுகம்தான். அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதும்போது ‘இருவரும்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே ‘சரி, வைக்கட்டுமா’ என்பாய், அதனால் கடிதம்.

பத்து நாளாக நீ நண்பன் அறையில் படுத்திருக்கிறாய் என்று மருமகள் சொன்னாள், புகார் மாதிரி இல்லை. ஆபீஸ் வேலையாகத் தான் போடும் ஒரு பாலத்தின் வரைபடங்களை முடிக்க வாரத்தில் மூன்று சாயங்காலம் தனியாக விடச் சொன்னாளாம். ‘நானா, அந்தப் பாலமா, மாசக் கடைசிக்குள்ள சொல்லு’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டாயாம். போயும் போயும் ஒரு பாலத்தோடா போட்டி என்று சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள், “அத்தை, அவர் இல்லாத பத்து நாளும் வேலை நல்லா ஓடுது. அதுதான் பயமா இருக்கு” என்றாள். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது மூன்று வயது. அச்சகத்திலிருந்து வரும் தாள்களுக்கு வீட்டிலேயே பிழை பார்த்துக் கொடுப்பேன். அப்பாவுக்கு மீட்டர் கணக்கெடுக்கிற வேலை, இரண்டு மணிக்கெல்லாம் வந்து எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். பேசமாட்டார். இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவார். பார்த்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். ‘நான் சும்மாதானே இருக்கேன், உன்னை என்ன பண்றேன்?’ என்பார். ஒன்றும் பண்ணவில்லை. ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரு பாடத்தின் விடைகள் முழுக்க ஒரு வரி கீழே தள்ளிப் போயிருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். எத்தனை பிள்ளைகள் சரியான விடையை அடித்துவிட்டு அழுதார்களோ. அச்சக முதலாளி, ‘கண்ணை எங்கம்மா வச்சிருந்தீங்க?’ என்று கத்தினார். வீட்டுக்கு வந்து அதையே பிடித்துக்கொண்டேன், கண்தான் சரியில்லை என்று. ‘நீங்கள் எதிரே உட்கார்வதால்தான்’ என்று அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை. ஆசையாக உட்கார்ந்த மனுஷன். அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். பலகையில் இருந்த எழுத்துகளைத் தெரிந்தே தப்பாகப் படித்தேன். பிழை திருத்துகிறவள். கண்ணாடி வந்தது, தலைவலி வந்தது. என் கண்ணுக்கு ஓய்வென்று அப்பா தினமும் செய்தித்தாளை, வரி விளம்பரம் உட்பட, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். அவர்மேல் உயிராக இருந்தேன். எங்காவது ஓடிவிடலாமா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மத்தியானத்தில். கடைசியில் கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டு, வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வேலையை முடித்தேன்.

இருபத்தாறு வருஷம் மறைத்ததை முந்தாநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், உனக்குப் புத்தி சொல்ல உட்காரும் முன் சொல்ல வேண்டும் போலிருந்தது. ‘அப்போ நான் பேப்பர் வாசிச்சதெல்லாம்?’ என்றார். பாதி கேட்டேன் என்றேன். அதிலிருந்து என் பக்கம் வருவதில்லை. மேஜை முழுக்க எனக்கே. ஒரு பக்கம்கூடத் திருத்தவில்லை.

அதனால் சொல்கிறேன், அவள் கேட்டதைக் கொடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுக்காதே. நீ பக்கத்து அறையில் இருக்கிறாய் என்று தெரிந்து தனியாக இருப்பது வேறு, நீ போய்விட்டதால் தனியாக இருப்பது வேறு. என்னைப் போலப் பொய் சொல்லாமல் நேராகக் கேட்டாள். அதற்குத் தண்டனை கொடுத்தால் அவளும் கற்றுக்கொள்வாள். அந்த மூன்று சாயங்காலம் உன்னோடு நீ என்ன செய்வாய்? அது தெரியாததால்தான் இவ்வளவு கோபமோ என்னவோ.

இரண்டு பேரும் மனம் ஒத்து நீண்ட நாள் வாழுங்கள். மாசக் கடைசி வரை இருக்காதே, இது கிடைத்த அன்றே வீட்டுக்குப் போ.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பி.கு. இப்போது அப்பா எட்டிப் பார்த்து யாருக்கு என்றார். உனக்கு என்றேன். ‘எழுது’ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. கோபமா, எனக்காகவா, தெரியவில்லை. போய்க் கேட்கப் போகிறேன்.