பொன்னகழி ஊர் பெயராமை குறித்து

ஏழு மலையும் குடையாக, இரண்டு ஆறும் அரைஞாணாக விளங்கும் வெண்குன்ற நாட்டின் தலைவர், பகைவர்க்கு இடியும் புலவர்க்கு மழையும் அடியேனுக்குப் படியளப்பவரும் ஆகிய மாவரையர் திருமுன்பு, அமைச்சன் பரிதிநம்பி விடுக்கும் ஓலை. தேவியார் நலமும் பட்டத்து யானையின் நலமும் நாளும் பெருகுக.

பொன் அற்றுப்போன பொன்னகழியைக் கலைத்து, குடிகளை ஆற்றோரப் புதுவயலில் குடியேற்றுக எனத் தாங்கள் இட்ட ஆணையைச் சுமந்து ஈங்கு வந்தேன். தங்கள் மணிமுடியும் கோயில் விமானத்துப் பொற்குடமும் இவ்வூர் மண்ணிலிருந்து போனவை. இன்று இங்கே விளைவன கேழ்வரகும் ஆடுகளும்.

ஊர்த்தலைவன் வேட்டன் ஆணையைப் பணிவோடு கேட்டான். கேட்டபின், “பொன்னு வந்த காலத்துல ஒருத்தரும் எங்கள எங்கயும் போகச் சொல்லலியே சாமி” என்றான். நாவன்மைக்குப் பரிசு பெற்ற அடியேன் அதற்கு இருமினேன்.

பிறகு சாத்தி என்பவள் வீட்டில் உணவு. இலையில் இட்ட களியில் நான் கைவைத்ததும் அவள் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள். அரச தூதனுக்கு அவமதிப்பு என்றெண்ணி எழுந்து வாளை உருவினேன். கையெல்லாம் களி, வாள் வரவில்லை. அவள் சிரித்தாள்.

“ஒங்கள இல்லய்யா. சோறு ஆச்சுன்னு கீழ இருக்குற எம் மாமனாருக்குச் சொல்றேன்.”

விசாரித்து அறிந்தது இது. தங்கள் தந்தையாரின் முடிசூட்டுக்குப் பொன் போதாதென்று அரண்மனை அவசரப்படுத்திய ஆண்டில் சுரங்கம் சரிந்தது. உள்ளே போனவர்களை எடுக்க வழியில்லை. அவரவர் புதைந்த இடத்துக்கு நேர் மேலே அவரவர் வீட்டார் குடிசை போட்டுக்கொண்டனர். உண்ணுமுன் மிதித்துச் சொல்வது அன்று தொடங்கிய வழக்கம்.

புதுவயலில் நல்ல வீடு கிடைக்கும் என்று நயமாக எடுத்துரைத்தேன். “மேல நான், கீழ எம் மாமனாரு. ரெண்டடுக்கு வீட்ட விட்டுட்டு ஓரடுக்கு வீட்டுக்கா வரச் சொல்றீக?” என்றாள். அரசே, குழம்பில் காரம் மிகுதி. என் கண் கலங்கியதற்கு அதுவே காரணம் எனக் கொள்க.

ஆகவே, தங்கள் பெயரால் முத்திரையிட எனக்குள்ள உரிமையைக் கொண்டு, தங்களைக் கேளாமலே ஆணையிட்டுவிட்டேன்: பொன்னகழி இருந்த இடத்திலேயே இருக்கும், எவரும் அதைப் பெயர்க்கலாகாது. பதவியைப் பறிப்பதானால் பறித்துக்கொள்க.

பழைய ஆணையே நிற்கவேண்டும் எனில், கீழே உள்ளோரும் இவ்வூர்க் குடிகளே. அவர்களுக்கும் அதை நேரில் வாசித்துக் காட்டுவதே முறை. அதற்கு, சரிந்த சுரங்கத்துள் நுழையுமளவு ஒல்லியான அமைச்சர் ஒருவரை அனுப்பியருள்க.

மலை நிற்குமளவும் இம்முத்திரை நிற்க.