அடுத்த எண்

மார்ச் 3

"பூட்டு சரியாப் பூட்டியிருக்கான்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்று எப்போதோ ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். இழுத்துப் பார் என்றேன். ஓய்வு பெற்றபின் நான் செய்வதும் அதுதான். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் ஓடும் சின்னச் சின்னக் கருவிகள். இணையதளங்களின் பூட்டை இழுத்துப் பார்ப்பவை. இன்று எழுதியது பதினொரு வரி. இணைய முகவரியின் கடைசியில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அந்தப் பக்கத்தைக் கேட்கும். என் கணினியிலேயே நான் கட்டிய பயிற்சித் தளம், யார் எவர் என்று கேட்காமல் இருபது பக்கத்தையும் நீட்டிவிட்டது. வரிசை எண்ணைச் சொன்னதும் முகத்தைக்கூடப் பார்க்காமல் விடைத்தாளைக் கொடுத்துவிடும் குமாஸ்தா மாதிரி.

மார்ச் 5

என் கணவர் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். "என்ன டீச்சர், இன்னைக்கு யார் வீட்டு ஜன்னல்?"

"நம்ம வீட்டு ஜன்னல்தாங்க."

மார்ச் 6

போன வாரம் இருவரும் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். என் முடிவு போனில் இணைப்பாக வந்தது. முகவரியின் கடைசியில் — ஓர் எண்.

தளம் என்னுடையதல்ல. தெரியும். ஒரே ஒரு தடவை என்று கருவியை ஓட்டினேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் அவர்தான். அவர் பெயர் திறந்தது. சிறுநீரகம்: கிரியாட்டினின் 3.4. இருக்க வேண்டியது 1.2-க்குள். கீழே, உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

சாப்பிடும்போது கேட்டேன், ரிப்போர்ட் வந்ததா என்று. "வந்துச்சே. வண்டி ஜம்முனு ஓடுதாம்."

மார்ச் 7

ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். கேட்காமல் விட்டால்? பாவி மனுஷா, எங்கிட்ட சொன்னா என்ன? — நான் மட்டும் சொன்னேனா?

மார்ச் 9

பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து ஓட்டையைச் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண் முழுதும் கேட்டுவிட்டு, "அது சரிங்க மேடம், அடுத்தவங்க நம்பரை நீங்க ஏன் போட்டீங்க?" என்றாள்.

மதியம் அவரிடமும் சொல்லிவிட்டேன். "என் பேப்பரைத் திருத்தச் சொல்லி உங்கிட்ட யார் கொடுத்தா?" சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 10

அவரே தட்டை எடுத்து வைத்துப் போட்டுச் சாப்பிட்டார். டீச்சர் என்றுகூடக் கூப்பிடவில்லை.

மார்ச் 13

பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைத்தார்கள். இனி அவரவர் போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் போட்டால்தான் முடிவு திறக்குமாம். பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். என் எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தேன். ரகசிய எண்ணைக் கேட்கிறது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னோடதையும் திற."

"வேண்டாங்க."

"நாளைக்கு டாக்டர் கேட்டா என்னத்தைக் காட்டுறது?" சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "பயந்துட்டேன். அவ்ளோதான்."

அவருடைய முடிவின் எண்ணைத் தட்டினேன். அவர் போன் சிணுங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக வாசித்தார்.

"நாலு... ஒன்பது... என்ன பாக்குறே? போடு டீச்சர்."