ட்யூவி சித்தப்பா குடித்த டீ

அன்பு மகள் டிரெஸாவுக்கு அம்மா எழுதுவது. அலாஸ்காக் குளிரில் மூக்கு உறையாமல், மீன் ஆலையில் விரல் எதுவும் குறையாமல் நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், நாயும் இப்போது பரவாயில்லை. மிச்சமிருப்பது உன் அப்பா, அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் மனுஷர் சமையலறைக் கதவில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது எவ்வளவு என்று உனக்குத் தெரியும், பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

இந்த வருஷம் இலை சிவக்கிற சமயம் நானும் அப்பாவும், உன் ட்யூவி சித்தப்பாவும் ஒனீட்டா சித்தியும் ஒரே வண்டியில் மலை உச்சிச் சாலையில் போய் வருவதென்று பேச்சு. எதிலும் அவசரம் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது, சித்திக்கு முட்டி வலி என்பதால் மாடி ஏறும் விடுதி கூடாது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மூத்திரப்பை சுண்டைக்காய் அளவு என்பதால் கழிப்பறை கண்ட இடமெல்லாம் நிற்க வேண்டும். உச்சியில்தான் இலை முதலில் பழுக்கும், அதனால் அங்கே தொடங்கி, நிறம் இறங்க இறங்க நாங்களும் கூடவே மெதுவாக இறங்கி வருவது. இது என் யோசனை, சித்தப்பா தன்னுடையது என்று சர்ச் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

போன ஞாயிறு பிரசங்கம் முடிந்து, எந்த ஊரில் தங்குவது என்று முடிவுசெய்ய இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். சித்தி ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள், நான் பீன்ஸும் சோளரொட்டியும் செய்து, ஐஸ் போட்ட டீயை வழக்கமான சிவப்புப் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிவைத்தேன். மேஜை முழுக்க வரைபடம். உன் அப்பா யோசிக்கிறார் என்றால் கீழுதட்டுக்குள் அந்த ஈரப் புகையிலையை ஒரு சிட்டிகை அதிகமாக அடக்குவார் அல்லவா, அன்றைக்கு உதடு தவளைத் தொண்டை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. துப்புவதற்கும் அதே சிவப்புக் கப்தான். எப்போதும் உள்ளே காகிதத்தைச் சுருட்டித் திணித்துவைப்பார், அதைப் பார்த்துத்தான் இது குடிக்கிற கப் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சுரங்கப்பாதை வழியா, ஆற்றோர வழியா என்று தம்பியோடு மல்லுக்கட்டிய மும்முரத்தில் காகிதம் மறந்துவிட்டது. சித்தப்பா வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார், எடுத்தார், ஒரு வாய் நிறையக் குடித்தார்.

சீ! நிறமும் டீ நிறம், வெதுவெதுப்பு, கொழகொழவென்று. சித்தப்பா வாசலுக்கு ஓடி, நான் ஆசையாக நட்ட சாமந்தி மேல் ஆப்பிள் பையும் பீன்ஸும் எல்லாம் வாந்தி எடுத்தார். நாய் போய் அதை நக்கியது. அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. உன் அப்பா மட்டும் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "தம்பி, சக்கரை பத்தலையாடா?" என்று கேட்டார். ஒனீட்டா சித்தி கைப்பையை எடுத்துக்கொண்டு, "இந்த ஆளு ஏறுற வண்டியில நான் கால் வைக்க மாட்டேன் அக்கா, மலையும் வேணாம் இலையும் வேணாம்" என்று எழுந்துவிட்டாள்.

சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் சண்டைக்குத்தான் வந்தார். ஆனால் கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. உள்ளே ரத்தம் நூல் நூலாக ஓடியிருந்தது. எனக்கும் சந்தேகம் இருந்தது மகளே. கோடையிலிருந்தே உன் அப்பா தக்காளிக்கு உப்புத் தொடாமல் தின்கிறார், கேட்டால் பல் கூச்சம் என்பார். "வாயத் தெறண்ணே" என்றார் சித்தப்பா. "போடா, ஒன் வாய நீ பாத்துக்க" என்றார் இவர். அதற்குச் சித்தப்பா சொன்னார்: "ஒன் எச்சியக் குடிச்சிட்டு நிக்கிறேன். ஒன் வாயப் பத்திப் பேச எனக்கு இல்லாத உரிமை எவனுக்குண்ணே இருக்கு?" உன் அப்பா வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். மலைக்குப் போய்விட்டு வந்து டாக்டரைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இலை உதிர்ந்துவிடும் என்று இழுத்தார். "இலை அடுத்த வருசமும் மொளைக்கும், ஒதடு மொளைக்காது" என்றார் சித்தப்பா. சித்தி கைப்பையைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

அதனால் இப்போது பயணத்தில் முதலில் நிற்கிற இடம், மலை ஏறுவதற்கு முந்தின ஊரில் இருக்கும் டாக்டர். நாலு பேருமே போகிறோம். டாக்டர் போகலாம் என்றால் மேலே, இரு என்றால் இருப்போம். புகையிலை டப்பாவை அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது அப்பா அதற்குப் பதில் சூரியகாந்தி விதையைக் கொறித்து, தொலியை என் தரையெல்லாம் துப்புகிறார், ஈரத் தொலி காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது, த்தூ. சித்தப்பா பேரப்பிள்ளையின் மூடி போட்ட கப்பில்தான் எதையும் குடிக்கிறார், பயணத்துக்கும் அதுவேதானாம்.

நேற்று முகம் மழிக்கும்போது அப்பா கூப்பிட்டார். "வெர்லீன், வந்து பாரேன்" என்று தானாகவே உதட்டை இழுத்துக் காட்டினார். வெளுத்து, ஓரம் கிழிந்து, நாற்றத்தோடு. அருவருப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் உதட்டை விடும்வரை நான் முகத்தைத் திருப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணு. வாயைப் பற்றிக் கேட்காதே, இலை எதுவரைக்கும் சிவந்திருக்கிறது என்று கேள், நன்றாகக் கேலி பண்ணு, அவருக்கு இப்போது அதுதான் வேண்டும். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. நீ அனுப்பிய போட்டோவில் உன் பக்கத்தில் நிற்கிற பையனின் உதடும் உப்பித்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு, சாப்பாட்டுக்கு முன்னால். கர்த்தர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

சாமந்தியைப் பிடுங்கிவிட்டு வேறு நட்டிருக்கும் உன் அம்மா,
வெர்லீன்