இணையதளத்தில் என் படம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். இந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்து. ராத்திரிப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், இனி யாரிடமும் சொல்லி எழுதவைக்க வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை கேள். போன மாதம் செங்கல் சூளைக்கு ஒரு பெண் கேமராவோடு வந்தது. பருவநிலை மாற்றம், எரிசக்தி, சுற்றுச்சூழல் எல்லாம் சொல்லித்தரும் இணையதளத்துக்குப் படம் வேண்டுமாம். நிலக்கரி தள்ளிக்கொண்டிருந்த என்னை, "தாத்தா, கொஞ்சம் சிரிங்க" என்று படம் எடுத்தது. நன்றாகவே சிரித்தேன்.

நேற்று அந்தப் படம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி போனை நீட்டி, "பெருசு, ஹீரோ ஆயிட்டியே! கீழ என்னமோ போட்டிருக்கு. நீதான் இப்பப் படிச்ச ஆளாச்சே, சத்தமா படி" என்றார். எல்லாரும் கூடிவிட்டார்கள். எழுத்துக் கூட்டி, ஒரு பிழையில்லாமல் படித்தேன்: 'நம் காற்றைக் கெடுக்கும் முகம் இதுதான்.'

முடித்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது. அதற்குள் மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"இன்னொரு தரம் படி பெருசு!"

படித்தேன். இரண்டாம் முறை கூட்டாமலே வந்தது, தெரியுமா!

மாப்பிள்ளை இதைப் போனில் பார்த்துக் கேட்டால், வேறு யாரோ என்று சொல்லிவிடு. இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் நீலச் சட்டையையும் நல்ல சோப்பு ஒன்றையும் கொடுத்தனுப்பு. மேஸ்திரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். அந்தப் பெண் மறுபடி வருமாம். இந்தத் தடவை முகம் கழுவிக்கொண்டு நிற்கிறேன்.

உன் வீட்டுக்காரர்